லேபர் ரூமும் லேபர் ஒபிஸும்

கேள்வி: ஆஸ்பத்திரியில் பிரசவ அறையை 'லேபர் ரூம்' என்கிறார்கள். ஈ.பி.எஃப். காசு கேட்டுப் போகிற இடமும் 'லேபர் ஒபிஸ்'. இரண்டும் ஒரே லேபரா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: ஒரே லேபர்தான். லத்தீனில் அதற்குப் பாடுபடுதல் என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, 16ஆம் நூற்றாண்டில் பிரசவ வேதனையையும் குறிக்கத் தொடங்கியது. உழைப்பவர்களை ஒட்டுமொத்தமாக 'லேபர்' என்றது அதற்குப் பிந்திய வழக்கு. கட்சிகளுக்கும் அதுவே பெயரானது: பிரிட்டனில் 1906, இலங்கையில் ஏ.ஈ. குணசிங்கவின் கட்சி 1928.

தோட்டத்துரைமாருக்கோ லேபர் என்றால் வெறும் ஆள்கணக்கு. அந்த ஆட்களை அடைத்த 'லைன்' அறைகள்தான் நம் வாயில் லயமாயின. 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியபோது, கணக்கில் கிடந்த சொல் உரிமை கேட்கிற சொல்லானது.

ஊவாத் தோட்டங்களில் புழங்கும் 'பேர்' இதைவிடச் சுவையானது. அங்கே பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். குறித்த கிலோ கொழுந்து எடுத்தால் செக்ரோலில் (தோட்டத்தின் வருகை, சம்பளப் பதிவேட்டில்) முழுப்பேர் விழும், குறைந்தால் அரைப்பேர். மனுசருக்குப் பாதிப் பேர் எப்படி என்று வெளியூர்க்காரர் விழிப்பார். வாங்கியவருக்குத்தான் அதன் வலி தெரியும்.

பேர் என்றதும் ஒன்று: ஈ.பி.எஃப். காசு கேட்டு லேபர் ஒபிஸுக்குப் போகுமுன், அடையாள அட்டையில் உள்ள பேரும் தோட்டப் பதிவில் உள்ள பேரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பார்த்துவிடுங்கள்.