மூன்று வடக்குகள்

நுழையும்முன்

வடக்கு எது எனக் கேட்டால் உடனே கைநீட்டிக் காட்டிவிடுகிறோம். கரையும் மரமும் புலப்படாத இரவுக் கடலில் அக்கேள்வி எளிதன்று. விடை பிழைத்தால் படகு கரை சேராது. மண்டபம் கடற்கரையில் நின்று அவ்விடையைத் தேடுவோம்.

புவித் துருவம்

வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் சூழ அமைந்த ஊர் மண்டபம். புவி தன்னைத்தானே சுழலும் அச்சு, புவிப்பரப்பைத் தொடும் இரு முனைகளே வடதுருவமும் தென்துருவமும் ஆகும். இரண்டிற்கும் நடுவே செல்லும் நிலநடுக்கோட்டிலிருந்து மண்டபம் ஏறத்தாழ 9 பாகை வடக்கே உள்ளது. ஒரு பாகை என்பது ஏறக்குறைய 111 கிலோமீட்டர்.

விண் துருவம்

அதே அச்சை வானம்வரை நீட்டினால் அது சுட்டும் புள்ளி விண் துருவம். அதனை ஒட்டி, ஒரு பாகைக்கும் குறைந்த விலகலில் துருவ விண்மீன் ஒளிர்கிறது. ஆகவேதான் பிற விண்மீன்கள் இடம்பெயர, இது மட்டும் நிலைத்து நிற்பதாகத் தோன்றுகிறது. தொடுவானிலிருந்து அதன் உயரம், காண்பவர் நிற்கும் இடத்தின் அகலாங்கிற்கு ஏறத்தாழ நிகரானது. கன்னியாகுமரியில் 8 பாகை, மண்டபத்தில் 9 பாகை, சென்னையில் 13 பாகை.

இவ்வுண்மையைச் சோழமண்டலக் கரை மாலுமிகள் 'இராப்பலகை' என்னும் கருவியால் பயன்கொண்டனர். முடிச்சுகள் இட்ட கயிறு கோத்த சிறு பலகை அது. பலகையின் கீழ்விளிம்பு தொடுவானையும் மேல்விளிம்பு துருவ விண்மீனையும் தொடுமாறு கயிற்றைப் பல்லில் கடித்துப் பிடிப்பர். எந்த முடிச்சு பொருந்துகிறதோ, அதற்குரிய துறைமுகத்தின் நேர்க்கோட்டில் கலம் நிற்கிறது என அறிவர்.

விண் துருவமும் என்றும் ஓரிடத்தில் நிற்பதன்று. புவியின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை பம்பரம்போல் தலைசுற்றி வருகிறது. இன்னும் 12,000 ஆண்டுகள் அளவில் வேகா என்னும் விண்மீன் வடக்கிற்கு அண்மையில் வழிகாட்டும்.

காந்தத் துருவம்

முகில் மூடிய இரவில் துணைநிற்பது காந்த ஊசி. புவியே ஒரு பெருங்காந்தம் என்று 1600இல் வில்லியம் கில்பர்ட் விளக்கினார். ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்திற்குக் கீழே உருகி ஓடும் இரும்பே அக்காந்தப் புலத்தின் ஊற்று. அவ்வோட்டம் மாறுவதால் காந்தத் துருவமும் இடம்பெயர்கிறது. 1831இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அதனைக் கனடாவின் வடபகுதியில் கண்டறிந்தார். இன்று அது சைபீரியாவை நோக்கி நகர்ந்துவிட்டது.

ஊசி காட்டும் வடக்கிற்கும் உண்மை வடக்கிற்கும் இடைப்பட்ட கோணம் 'காந்த ஒதுக்கம்' எனப்படும். தமிழகக் கடலோரத்தில் அது ஓரிரு பாகை அளவே. எனினும், ஒரு பாகைப் பிழையோடு 60 கிலோமீட்டர் சென்ற படகு, சேரவேண்டிய இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் விலகியிருக்கும். 1974, 1976ஆம் ஆண்டுகளின் உடன்பாடுகள் கடல் எல்லை வகுத்த இப்பகுதியில் அவ்விலகல் சிறிதன்று. ஊசியருகே வைத்த இரும்புத் துண்டு பிழையை மேலும் பெருக்கும்.

இன்று செயற்கைக்கோள் கருவிகள் வழிகாட்டுகின்றன. மின்கலம் தீர்ந்த இரவில் ஊசியும் விண்மீனுமே துணை. ஒன்று காட்டும் திசையை மற்றொன்றால் சரிபார்ப்பவரே கரை சேர்வர்.

கற்பவை கற்றபின்

1. கையை நீட்டி மூடிய முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. அதனைக் கொண்டு உம் ஊரில் துருவ விண்மீனின் உயரத்தை அளந்து, ஊரின் அகலாங்கோடு ஒப்பிடுக.
2. உம் பகுதி மீனவர்களிடம் திசையறியும் முறைகளைக் கேட்டுத் தொகுத்து, வகுப்பறையில் உரையாற்றுக.