சர்க்கரை எல்லையில் இருக்கிறீர்களா? வைட்டமின் டி வாங்கும் முன்...

வெறும் வயிற்றுச் சர்க்கரை 100–125 என்று ரிப்போர்ட் வந்ததுமே, 'டி மாத்திரை போட்டால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும்' என்று யாராவது சொல்வார்கள். உடனே மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள்.

1. முதலில் ரத்தத்தில் வைட்டமின் டி அளவைப் பாருங்கள். குறைபாடு இருப்பவர்களுக்கே மாத்திரையால் பலன் அதிகம்.

2. 60,000 யூனிட் மாத்திரையை 'வாரம் ஒன்று' என்று டாக்டர் எழுதியிருந்தால், அட்டையின் மேலேயே 'ஞாயிறு மட்டும்' என்று பேனாவால் எழுதி வையுங்கள். தினமும் விழுங்கி வந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல் என்று தொடங்கி சிறுநீரகத்தையே கெடுக்கும். வயதானவர்களின் மாத்திரை டப்பாவை வீட்டில் ஒருவர் கவனிப்பது நல்லது.

3. சாப்பிட்ட பிறகு போடுங்கள். கொழுப்பில் கரையும் சத்து இது.

4. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலை நம்பாதீர்கள். டி உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

5. நடையை விடாதீர்கள். 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தினம் 4,000 யூனிட் எடுத்தும் சர்க்கரை நோய் வரும் ஆபத்து குறிப்பிடும்படி குறையவில்லை. வாரம் 150 நிமிட உடற்பயிற்சி, அளவான சாப்பாடு, எடைக் குறைப்பு ஆகியவை சேர்ந்து அதை 58 சதவீதம் குறைத்ததை 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் அதை டாக்டரிடம் சொல்லாமல் டி மாத்திரையைத் தொடவே வேண்டாம்.