காதில் விழுவதும் காது கொடுப்பதும்

பெங்களூரில் புதிதாக ஐ.டி. வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு வார இறுதிகளில் அல்சூரில் ஆங்கிலம் பேசச் சொல்லிக்கொடுக்கிறேன். கிருஷ்ணகிரி, வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம். கன்னடம் பேசுகிறவர்களும் உண்டு. எல்லோரும் இலக்கணம் படித்துத் தேறியவர்கள்தான். ஆனால் மீட்டிங்கில் லைன் கரகரக்கும்போது சட்டென்று வாயில் வருவது 'ஐ ஆம் நாட் ஹியரிங் யூ'. 'ஹியர்' என்ற இந்த ஒரு வினைச்சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் அலுவலக ஆங்கிலத்தில் பெரும் பதற்றம் குறைந்துவிடும் என்பதை வகுப்பிலேயே கண்டிருக்கிறேன்.

அதற்கு வழி நம் பேச்சிலேயே இருக்கிறது. 'நான் பாட்டுக் கேட்கிறேன்' என்றால் அது நான் செய்கிற காரியம். 'எனக்குப் பாட்டுக் கேட்கிறது' என்றால் நான் ஒன்றும் செய்யவில்லை. சத்தம் தானாக வந்து காதில் விழுகிறது. முதலாவது 'லிசன்'. இரண்டாவது 'ஹியர்'. கன்னடத்திலும் இதே பிரிவு உண்டு: 'கேள்தா இதீனி', 'கேளிஸ்தா இதெ'. பள்ளியில் 'ஹியர் என்றால் கேள்' என்று மட்டும் எழுதிப்போட்டு விடுகிறார்கள். அதை 'ஹியர் என்றால் கேட்கிறது' என்று மனதில் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். இப்படித் தானாகக் காதில் விழுவதோடு 'இங்' பொதுவாக ஒட்டாது. 'லிசன்' பின்னால் 'டு' வரும். 'ஹியர் மீ' என்பதில் அது வராது.

இந்த நிமிஷம் உங்கள் குரல் எனக்குக் கேட்கிறது என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஐ கேன் ஹியர் யூ' என்பார்கள். அந்தக் 'கேன்'னுக்குள் 'முடியும்' என்ற பொருளைத் தேட வேண்டாம். தேடுவதால்தான் 'ஐ ஆம் நாட் ஏபிள் டு ஹியர் யூ' என்று வாக்கியம் நீண்டுவிடுகிறது. பெங்களூர் அலுவலகங்களில் இன்னொன்றும் ஓடுகிறது: 'யூ ஆர் நாட் ஆடிபிள்'. அதில் இலக்கணப் பிழை இல்லை, எல்லோருக்கும் புரியும்; நான் திருத்துவதில்லை. ஆனாலும் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் 'சாரி, வி கான்ட் ஹியர் யூ' என்பதையே சொல்லச் சொல்வேன். குறை அவருடையது என்ற தொனி அதில் வராது.

விதியைச் சொல்லிவிட்டால் மட்டும் நாக்கு திருந்தாது. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு நடத்தியது. மொழிபயிற்றும் உலகம் அதை 'பெங்களூர் புராஜெக்ட்' என்றே அழைக்கிறது. இலக்கணத்தை நேரடியாகப் பாடம் நடத்தாமல், ரயில் அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்து விடை கண்டுபிடிக்கும் வேலைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். கவனம் பொருளில் இருக்கும்போதுதான் மொழியின் அமைப்பு உள்ளே படியும் என்பது அவர் கருத்து. 1987-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். எனக்கு அதில் முழு நம்பிக்கை உண்டு. ஊதா வழித்தடமும் பச்சை வழித்தடமும் சந்திக்கிற மெஜஸ்டிக் மெட்ரோ நிலையத்துக்கு ஒருவரை அனுப்புவேன். இன்னொருவர் வகுப்பிலிருந்து போனில் பேசி, எந்த ரயில், எந்தப் பக்கம் என்று ஆங்கிலத்தில் விசாரிக்க வேண்டும். நடுவில் அறிவிப்பு வரும், கூட்டம் இரையும். நிஜமாகவே கேட்காதபோது சொல்லிப் பழகிய 'ஐ கான்ட் ஹியர் யூ' பிறகு மறப்பதில்லை.

கச்சேரி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில், ஸ்ரீ ராமசேவா மண்டலி 1939 முதல் நடத்திவரும் ராமநவமி விழாவுக்கு நீங்கள் போகிறீர்கள். உட்கார்ந்து ரசித்திருந்தாலும் 'ஐ ஹேர்ட் ஹர் சிங்' என்று சொல்லலாம். மேடை நிகழ்ச்சிக்குப் போய்வந்ததற்கும் 'ஹியர்' பொருந்தும். பஸ்ஸில் போகிறபோது பாட்டின் ஒரு துண்டு காதில் விழுந்தால் 'ஐ ஹேர்ட் ஹர் சிங்கிங்'. முழுதாகக் கேட்டதற்கு வெறும் 'சிங்', நடந்துகொண்டிருந்ததன் நடுவில் விழுந்ததற்கு 'சிங்கிங்'. எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இது. உச்சரிப்பும் முக்கியம்: 'ஹியர்ட்' இல்லை, 'ஹேர்ட்'.

கூட வரும் சிறு சொற்களுக்கு எங்கள் ஊர் கரகத் திருவிழாவே உதாரணம். 'ஹேவ் யூ ஹேர்ட் ஆஃப் த கரகா?' என்றால், இப்படி ஒரு திருவிழா இருப்பது தெரியுமா என்று கேட்பது. 'டிட் யூ ஹியர் அபௌட் த கரகா?' என்றால், அதைப் பற்றிய செய்தி ஏதோ இருக்கிறது, உங்களுக்கு எட்டியதா என்று கேட்பது. 'ஹியர் ஃப்ரம்' என்றால் ஒருவரிடமிருந்து பதில் வருவது. மெயில் முடிவில் எழுத வேண்டியது 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ'. சந்தேகம் வந்தால் அந்த 'டு'வுக்குப் பின்னால் 'யுவர் ரிப்ளை' வைத்துப் பாருங்கள். அது உட்காருகிற இடத்தில் 'ஹியரிங்'கும் உட்காரும். 'இங்' ஒட்டாது என்றதற்கு ஒரு விலக்கு: நாலு பக்கமிருந்தும் செய்தி வந்துகொண்டே இருந்தால் 'ஐ ஆம் ஹியரிங் குட் திங்ஸ் அபௌட் யுவர் டீம்' என்று 'இங்' தாராளமாக வரும்.

கடைசியாக, வேலையையே பாதிக்கக்கூடிய ஒன்று: 'ஐ ஹியர் யூ'. ஆள் கூடுதலாக வேண்டும், தேதியைத் தள்ள வேண்டும் என்று நீங்கள் எடுத்துச் சொன்ன பிறகு மேலதிகாரி இதைச் சொன்னால், உங்கள் சிரமம் அவருக்குப் புரிகிறது என்றுதான் பொருள். சம்மதம் என்று பொருள் இல்லை. அடுத்து ஒரு 'பட்' வரலாம். நம் பிள்ளைகள் அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, புதிய தேதியை டீமுக்கே அறிவித்துவிட்டுப் பிறகு தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த இடத்தில் நன்றி சொல்லி நிறுத்திவிடாதீர்கள். 'தேங்க் யூ. சோ, ஷால் வி மூவ் த டேட்?' என்று அப்போதே கேளுங்கள். 'யெஸ்' என்ற சொல் வந்தால் அன்றைக்கே மெயிலில் ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்.