கருவில் வளரும் மூளைக்கு 'வலது கால் செருப்பு'!

"செருப்பை மாத்திப் போட்டிருக்கே பாரு கண்ணு!" என்று உங்கள் குழந்தையிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? ஒரே அளவு, ஒரே தோல். ஆனாலும் இடது காலுக்கானது வலதுக்குச் சேராது. புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்களிலும் இப்படி ஜோடி உண்டு. ஒன்று 'எல்', மற்றது 'டி'. நம் உடம்பு புரதம் கட்டுவது 'எல்' வகையால்தான். 'டி' எல்லாம் பாக்டீரியா சமாச்சாரம் என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள்.

1993ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு அதிசயத்தைச் சொன்னார்கள். 14 வாரக் கருவின் முன்மூளையில் 'எல்' ஆஸ்பார்டேட்டை விட 'டி' ஆஸ்பார்டேட்டே அதிகம்! பிரசவ சமயத்தில் அது ஏறக்குறைய காணாமல் போய்விடுகிறது. 'டி' செரின் மட்டும் வயதான பிறகும் மூளையில் இருக்கிறது.

அதற்கு என்ன வேலை? பேங்க் லாக்கரைத் திறக்க இரண்டு சாவி வேண்டுமில்லையா? நரம்பு செல்லில் என்.எம்.டி.ஏ. என்றொரு பூட்டு உண்டு. ஒரு சாவி குளூட்டமேட். மற்றது கிளைசின் அல்லது டி-செரின். இரண்டும் சேர்ந்தால்தான் பூட்டு திறக்கும், நரம்புகளின் இணைப்பு பலப்படும். டி-செரினை மூளையே எல்-செரினிலிருந்து தயாரித்துக் கொள்கிறது.

அந்த எல்-செரினே உற்பத்தியாகாவிட்டால்? பெல்ஜியம் மருத்துவர்கள் 1996ல் இப்படிப்பட்ட பரம்பரை நோயை விவரித்தார்கள். பிறக்கும்போதே தலை சிறுத்திருக்கும், வலிப்பு வரும், வளர்ச்சி பின்தங்கும். (டி-செரின் குறைவது மட்டும் காரணமல்ல, நரம்பின் உறைக்கும் எல்-செரின் வேண்டும்.) நோய் அபூர்வம்தான். ஆனால் பெற்றோர் இருவரிடமும் ஒரே பழுதான ஜீன் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

இங்கேதான் நம் கொங்குச் சீமைக் கதை வருகிறது. "ஒரே கூட்டத்துல நாங்க கட்ட மாட்டோமுங்க, அப்புறம் என்னங்க பயம்?" என்பார்கள். சரிதான். ஆனால் தாய்மாமன் மகள் வேறு கூட்டம் என்றாலும், உங்கள் அம்மாவைப் பெற்ற அப்புச்சியும் அம்மாயியும்தான் அவளுக்குத் தாத்தா, பாட்டி. கூட்டம் அப்பா வழி. ஜீனோ இரண்டு வழியிலும் வரும்.

இந்த நோய்க்கு மருந்து உண்டு. 2004ல் வெளிவந்த ஒரு கேஸ்: ஏற்கெனவே பாதித்த குடும்பம். அடுத்த கருவின் தலை வளர்ச்சி ஸ்கேனில் மந்தப்பட்டது. 27வது வாரத்திலிருந்து தாய்க்கு எல்-செரின் கொடுத்தார்கள். தலை மறுபடி வளர்ந்தது. நாலு வயதில் அந்தப் பெண் குழந்தை நன்றாகவே இருந்தது.

சொந்தத்தில் கல்யாணமாகி, முதல் குழந்தைக்குத் தலை சிறுத்து வலிப்பும் இருந்தால், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே கோவையில் மரபணு ஆலோசனை தரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துச் செல்லுங்கள். ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் அமினோ அமில அளவு பார்க்கலாமா என்று கேளுங்கள். செரின் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். 'டி' வகை அதிகமானால் எலிகளின் சிறுநீரகமே கெட்டிருக்கிறது.