கருத்துக் கட்டுரை எழுதுவது எப்படி?



ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு பிள்ளைகள் கருத்துக் கட்டுரை என்றாலே முன்னுரை, முடிவுரை என்று தலைப்பு போட்டுவிட்டு, நடுவில் என்ன எழுதுவது என்று பேனாவைக் கடிக்கிறீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். எட்டாவது படிக்கும்போது "கோட்டைச் சுவரில் பெயர் எழுதலாமா?" என்று ஒரு தலைப்பு கொடுத்தார்கள். "செஞ்சிக் கோட்டை நமது உயிர், நமது மூச்சு" என்று ஒன்றரை பக்கம் எழுதினேன். தமிழம்மா பத்துக்கு நாலு மார்க் போட்டார்கள். "சுவத்துல பேர் எழுதினவன் இதைப் படிச்சா, இனிமே எழுத மாட்டேன்னு சொல்லுவானா?" என்று கேட்டார்கள்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஏன் என்றால், எங்க அண்ணன் பெயரே அங்கே இருக்கிறது. பத்தாவது படிக்கும்போது ஆணியால் கீறியது. அதனால் அண்ணனுக்காகவே அந்தக் கட்டுரையைத் திரும்ப எழுதினேன். அதில் கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

1. தகவல் வேறு, கருத்து வேறு

"2025 ஜூலை மாதம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராத்தியர் கோட்டைகள் 12 சேர்ந்தன. அதில் 11 மகாராஷ்டிராவில், ஒன்று நம் செஞ்சி." இது தகவல். இதை யாரும் மறுக்க முடியாது. "அந்தச் சுவரில் பெயர் எழுதக் கூடாது." இது கருத்து. இதை மறுக்க ஆள் இருக்கும். மறுக்க ஆள் இல்லாத விஷயத்துக்குக் கருத்துக் கட்டுரையே வேண்டாம். உங்கள் கருத்தை முதலில் ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். ஒரு வரியில் அடங்கவில்லை என்றால், இன்னும் யோசிக்க வேண்டும் என்று அர்த்தம்.

2. யாருக்கு எழுதுகிறோம்?

ஹெட்மாஸ்டருக்கு எழுதுவது வேறு, அண்ணனுக்கு எழுதுவது வேறு. "பாரம்பரியம், பண்பாடு" என்றால் அண்ணன் கொட்டாவி விடும். ஆனால் அது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறது. கோட்டை பார்க்க வருகிறவர்கள்தான் அதற்குச் சவாரி. அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

3. மூன்று காரணம் போதும்

நம் கோட்டை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று மலை. மூன்றையும் ஒரே மதில் சேர்க்கிறது. கட்டுரையும் அப்படித்தான். மூன்று காரணம், அவற்றைச் சேர்க்க ஒரே கருத்து. நான் எழுதிய மூன்று:

அ) சுண்ணாம்புப் பூச்சைக் கீறினால் பழைய பூச்சு திரும்ப வராது. புதிதாகப் பூசினால் அது நம் காலத்துப் பூச்சு, ராஜா காலத்துப் பூச்சு இல்லை.

ஆ) 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சிதைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த அளவுக்கு உயர்த்தியது 2010-இல்.

இ) கிறுக்கின சுவரைப் பார்க்க யாரும் பஸ் ஏறி வர மாட்டார்கள். ஆட்டோ, நுங்குக் கடை, டீக்கடை எல்லாம் அவர்களை நம்பித்தான் இருக்கிறது.

4. எதிராளி பேச்சுக்கும் இடம் கொடுங்கள்

இதுதான் ரொம்ப முக்கியம். நான் மூன்று காரணத்தையும் படித்துக் காட்டினேன். அண்ணன் சிரித்துக்கொண்டே, "ராஜாங்க மட்டும் கல்லுல பேர் வெட்டலையா? அவங்க வெட்டினா கல்வெட்டு, நாங்க வெட்டினா கிறுக்கலா?" என்று கேட்டது. எனக்குப் பதில் வரவில்லை. அன்றைக்குத் தோற்றேன்.

மறுநாள் தமிழம்மாவிடம் சொன்னேன். நன்னூலை எடுத்துக் காட்டினார்கள். பவணந்தி முனிவர் அதில் ஏழு வகை மதம் சொல்கிறார். இங்கே மதம் என்றால் கருத்து, கொள்கை. அதில் ஒன்று, பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு அதைக் களைவது. இங்கிலீஷ் பாடத்தில் இதைப் புதுசு மாதிரி சொல்கிறார்கள். நம்மிடம் 800 வருஷமாக இருக்கிறது!

அதனால் இப்படிச் சேர்த்தேன்: "உண்மைதான், ராஜாக்களும் கல்லில் எழுதினார்கள். ஆனால் யார், எந்தக் கோயிலுக்கு, எவ்வளவு நிலம் கொடுத்தார் என்றெல்லாம் எழுதினார்கள். அதை வைத்து இன்றைக்கு நாம் வரலாறு படிக்கிறோம். ஆணியால் கீறின நம் பெயரும் இதயப் படமும் நாளைக்கு யாருக்கு என்ன சொல்லும்?"

5. இவற்றைத் தவிருங்கள்

நூலுக்குப் பத்துக் குற்றம் என்றும் நன்னூல் சொல்கிறது. அதில் மூன்று நம் நோட்டில் நிறைய வருகிறது.

மிகைபடக் கூறல்: ஒரு விஷயத்தைச் சொல்லத் தேவையானதைவிட அதிகமான சொற்களைக் கொட்டுவது.
கூறியது கூறல்: பக்கம் நிரப்ப ஒரே காரணத்தை மூன்று தடவை எழுதுவது.
சென்று தேய்ந்து இறுதல்: ஜோராக ஆரம்பித்து, "எனவே நாம் அனைவரும் பாடுபடுவோம்" என்று முடிப்பது. படிக்கிறவர் நாளைக் காலையில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி முடியுங்கள்.

அண்ணன் என்ன சொன்னது என்று கேட்பீர்கள். இரண்டாவது கட்டுரையை முழுசாகக் கேட்டது. ஒன்றும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, "போய் தேச்சு அழிச்சிடவா?" என்று கேட்டது. "வேணாண்ணா, தேச்சா பூச்சும் சேர்ந்து வந்துடும்" என்றேன். அதனால் அந்தப் பெயர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. இப்போது ஆட்டோவில் வருகிற பசங்களிடம், "சுவத்துல கை வெக்காதீங்கடா" என்று சொல்லித்தான் இறக்கி விடுகிறது.

பயிற்சி: ஏதாவது ஒன்றுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். எதிராளி பேச்சு கட்டாயம் இருக்க வேண்டும்.
1. கோட்டைக் குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்கலாமா?
2. மலைமேல் பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு போகலாமா?
3. விளையாட்டு பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா? (கணக்கு சார் மன்னிக்கவும்!)

எழுதி என்னிடம் கொடுங்கள். நல்லதைத் தேர்ந்தெடுத்து அடுத்த மாத இதழில் ஒட்டுவோம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி