கையெழுத்துப் போட்டுவிட்டால் கேள்வி கேட்க முடியாதா?

கேள்வி: ஜவுளிக்கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். நாள் முழுக்க நின்றபடி வேலை. முன்பாதத்தில் தீராத வலி. ஓர் அழகு சிகிச்சை கிளினிக்கில், “முகச் சுருக்கத்துக்குப் போடும் ஃபில்லர் ஊசியைப் பாதத்தில் போட்டால் மெத்தை வைத்த மாதிரி இருக்கும்” என்றார்கள். 38,000 ரூபாய் கட்டிப் போட்டுக்கொண்டேன். இரண்டே வாரத்தில் அந்த இடம் வீங்கிக் கட்டியாகிவிட்டது. கால் ஊன்ற முடியவில்லை. கேட்டால், “நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?” என்கிறார்கள். நஷ்டஈடு கேட்க முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: முடியும். ஆனால், வழக்கைவிடக் கால் முக்கியம். இன்றே ஓர் எலும்பு மருத்துவரையோ அரசு மருத்துவமனையையோ பாருங்கள். சர்க்கரை நோய் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். என்ன மருந்து ஏற்றினார்கள் என்பதுதான் மருத்துவரின் முதல் கேள்வியாக இருக்கும். ஹயலுரானிக் அமில வகை என்றால், அதைக் கரைக்க ஹயலுரானிடேஸ் ஊசி இருக்கிறது. திரவ சிலிக்கான் என்றால் கரைக்க வழியில்லை.

ஆகவே மருந்தின் பெயர், பேட்ச் எண், உங்கள் சிகிச்சைக் குறிப்புகள், கையெழுத்திட்ட படிவத்தின் நகல் எல்லாவற்றையும் கிளினிக்கிடம் எழுத்தில் கேளுங்கள். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும்.

நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னால் வேலைக்குப் பயப்படாதீர்கள். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தத்தின்படி, ஊழியர்களுக்கு இருக்கை தருவது முதலாளியின் கடமை. கால் தேயும்வரை நிற்கிற பெண்கள் பலருக்கு இந்தச் சட்டம் இருப்பதே தெரியாதது எனக்குப் பெரிய வருத்தம்.

இனி அந்தக் கையெழுத்து. சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: சிகிச்சையின் தன்மை, அதன் ஆபத்துகள், மாற்று வழிகள் ஆகியவற்றைப் போதுமான அளவு விளக்கிய பிறகு பெறுவதே சம்மதம். ஃபில்லர்கள் முகம், புறங்கை போன்ற இடங்களுக்கென அனுமதி பெற்றவை, அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பாதத்துக்கு அனுமதி தந்ததில்லை. அனுமதிக்கு அப்பாற்பட்ட பயன்பாடு என்பதாலேயே ஒரு மருத்துவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். ஆனால், அதை உங்களிடம் சொல்லாமல் மறைத்திருந்தால் படிவம் அவரைக் காப்பாற்றாது. செருப்பை மாற்றுவது, மெத்தென்ற உள்பட்டை வைப்பது போன்ற எளிய வழிகளையாவது சொன்னார்களா? புகாரில் இதை அழுத்தி எழுதுங்கள்.

ஊசி போட்டது யார் என்றும் விசாரியுங்கள். பதிவு பெற்ற மருத்துவராக இல்லாவிட்டால் உங்கள் வழக்கு இன்னும் வலுவாகிவிடும். தான் தகுதி பெறாத மருத்துவ முறையில் ஒருவர் சிகிச்சை அளிப்பதே அலட்சியம்தான் என்று பூனம் வர்மா வழக்கில் 1996லேயே தீர்ப்பாகிவிட்டது. காவல் நிலையத்துக்கும் போகலாம். மருத்துவரே போட்டிருந்தால் குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியத்தை நிரூபிக்க வேண்டும். நஷ்டஈட்டுக்கு நுகர்வோர் ஆணையமே நல்ல வழி.

நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. பில், வாட்ஸ்அப் செய்திகள், விளம்பரம், பாதத்தின் படங்கள் எதையும் அழிக்காதீர்கள். இப்போது பார்க்கும் மருத்துவரிடம், கட்டி ஊசியால் வந்ததா என்று எழுத்தில் கருத்து வாங்குங்கள். வழக்கு பெரும்பாலும் அதை நம்பித்தான் நிற்கும். பாதிப்பு ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகாரைப் பதிவு செய்துவிடுங்கள்.