முதல் முறை பறக்க எதற்குப் பணம் கட்டலாம்?

சிங்கப்பூர், அபுதாபி போகிறவர்களின் சுற்றுலாப் பட்டியலில் இப்போது ‘இன்டோர் ஸ்கைடைவிங்’கும் இடம்பிடித்துவிட்டது. உயரமான கண்ணாடிக் கூண்டுக்குள் கீழிருந்து மேலாகக் காற்று சீறும். அதன்மேல் குப்புறப் படுத்தபடி மிதக்கலாம். விமானத்திலிருந்து குதிப்பவர் கைகால்களை விரித்து விழும்போது, மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டரை எட்டியதும் வேகம் கூடுவது நின்றுவிடும். ஏறத்தாழ அதே வேகத்தில் காற்றைக் கீழிருந்து செலுத்தினால் உடல் அந்தரத்தில் நிற்கும். காற்றுச் சுரங்கத்தின் சூத்திரம் இவ்வளவுதான். ஆனால் ஒரு நிமிடப் பறத்தலுக்கே கணிசமாகச் செலவாகும் என்பதால், எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசித்துவிட்டுப் போவது நல்லது.

விமானமா, சுரங்கமா?

பயிற்சியாளரோடு பிணைந்து குதிக்கும் ‘டாண்டம்’ முறையில் பெரும்பாலும் 13,000 அடி உயரத்திலிருந்து குதிப்பார்கள். பாராசூட் விரியும்வரை கிடைப்பது ஏறத்தாழ ஒரு நிமிடம்; பிறகு சில நிமிடங்கள் மெல்ல இறங்கலாம். விமானக் கதவோரம் உட்காரும்போது வருகிற பயமும், கீழே பரந்து கிடக்கும் நிலமும் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் அதில் நீங்கள் பயணி மட்டுமே; உடலை வழிநடத்துவது பயிற்சியாளர். வானிலை கெட்டால் காத்திருக்க வேண்டும். பல இடங்களில் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

சுரங்கத்தில் நீங்கள் விழுவதே இல்லை. அதனால் அடிவயிறு கலங்காது. மழை பெய்தாலும் பறக்கலாம், சிறுவர்களும் பறக்கலாம். உடல் உங்கள் பேச்சைக் கேட்கத் தொடங்குவதுதான் இங்கே சுகம். காலை நீட்டினால் முன்னால் நகர்வீர்கள், மடக்கினால் பின்னால் போவீர்கள். பயத்தின் ருசி வேண்டுமென்றால் விமானம்; பறக்கப் பழக வேண்டுமென்றால் சுரங்கம்.

சிங்கப்பூரா, அபுதாபியா?

சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் சிலோசோ கடற்கரையை ஒட்டியிருக்கும் ஐஃபிளை என்ற காற்றுச் சுரங்கம் 2011-இல் திறக்கப்பட்டது. அதன் விட்டம் 16.5 அடி. அபுதாபி யாஸ் தீவின் கிளைம்ப் 2019-இல் வந்தது. அதன் சுரங்கம் 32 அடி அகலம்; திறக்கப்பட்டபோது உலகிலேயே பெரிய பறக்கும் கூடம்.

இந்த அளவைப் பார்த்து மயங்க வேண்டாம். பலர் சேர்ந்து வடிவங்கள் அமைத்துப் பறக்கும்போதுதான் அகலம் உதவும். முதல் முறை போகிறவரைப் பயிற்சியாளர் உடையைப் பிடித்தபடி நடுவிலேயே வைத்திருப்பார். 2017-இல் ஸ்பெயினில் நடந்த ‘விண்ட் கேம்ஸ்’ என்ற இன்டோர் ஸ்கைடைவிங் போட்டியில் தங்கம் வென்ற சிங்கப்பூர்ச் சிறுமி கைரா போ பழகியது செந்தோசாக் கூடத்தில்தான். எனவே உங்கள் பயணத்தில் எந்த ஊர் வருகிறதோ அதுவே போதும். செந்தோசா என்றால் கடல் தெரியும்படி பகலில் நேரம் வாங்குங்கள். பறக்க விரும்பாதவர்களும் கூட வருகிறார்கள் என்றால் கிளைம்ப் வசதி. அங்கே சுவர் ஏறும் இடமும் உண்டு.

ஒரு முறையா, இரண்டு முறையா?

கையில் இருக்கும் பணத்தை எதில் போடுவது என்ற கேள்வி வரும் இடம் இதுதான். ஒரு முறை உள்ளே போனால் சுமார் ஒரு நிமிடம் கிடைக்கும். முதல் நிமிடம் காற்றின் வேகத்துக்கும் இரைச்சலுக்கும் பழகுவதிலேயே கரைந்துவிடும். பதற்றத்தில் உடல் விறைக்கும், தலை குனியும். குனிந்தால் கீழே இறங்குவீர்கள். காதில் அடைப்பான் இருப்பதால் பயிற்சியாளர் கைச்சைகையில்தான் பேசுவார். இரண்டு விரலை நீட்டினால் காலை நீட்டு, மடக்கினால் காலை மடக்கு, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து ஆட்டினால் உடலைத் தளர்த்து. இரண்டாம் முறை உள்ளே போகும்போதுதான் இடுப்பை முன்தள்ளி முகவாயைத் தூக்க உடல் கற்றிருக்கும். பயிற்சியாளர் கையை விடுவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

ஆகவே ஒருவருக்கு இரண்டு முறை என்பதே சரியான கணக்கு. இன்னும் பணம் இருந்தால், பயிற்சியாளர் உங்களைப் பிடித்துக்கொண்டு சுழன்றபடி உச்சிவரை தூக்கிச் செல்லும் கூடுதல் பறத்தலை வாங்கலாம். புகைப்படம், வீடியோ எல்லாம் அதற்குப் பிறகுதான். கண்ணாடிக்கு வெளியே நிற்கும் உறவினரின் செல்பேசியே போதுமானது.

யார் தவிர்க்க வேண்டும்?

கர்ப்பிணிகள் பறக்கக் கூடாது. தோள்மூட்டு முன்பு நழுவியிருந்தாலும், கழுத்து, முதுகு, இதயத் தொல்லை இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். கைகளை விரித்துப் பறக்கும்போது காற்றின் விசை தோளில்தான் இறங்கும். வயது வரம்பும் எடை வரம்பும் கூடத்துக்குக் கூடம் மாறும். முன்பதிவுக்கு முன் இரண்டையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நான்கு பேர் கொண்ட குடும்பத்திடம் நான்கு முறைக்கு மட்டுமே பணம் இருந்தால், உண்மையிலேயே ஆசைப்படும் இருவர் இரண்டிரண்டு முறை பறக்கட்டும். நால்வரும் ஆளுக்கொரு முறை போனால், நால்வருமே பறக்கத் தொடங்கும் நேரத்தில் வெளியே வந்துவிடுவார்கள்.